ஒரு கப் மைதா எத்தனை கிராம்? மூன்று அட்டவணை, மூன்று விடை

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கச் சாக்லேட் சிப் குக்கி குறிப்பு ஒன்றைப் பார்த்துச் செய்திருக்கிறீர்கள். மைதா 2¼ கப், வெண்ணெய் 1 கப் (அதாவது இரண்டு ஸ்டிக்), சர்க்கரை ¾ கப், பிரவுன் சுகர் ¾ கப், முட்டை 2. குக்கி பரவவே இல்லை. வைத்த உருண்டை வைத்தபடியே நின்றது, கடித்தால் வறண்டு உதிர்ந்தது. சரி, கிராமுக்கு மாற்றிச் செய்து பார்ப்போம் என்று தேடினால் ஒரு அட்டவணை ஒரு கப் மைதா 120 கிராம் என்கிறது, இன்னொன்று 125 என்கிறது, மூன்றாவது 142 என்கிறது. எதை நம்புவது?

மூன்றும் சரிதான். சங்கடமே அங்கேதான் இருக்கிறது.

தண்ணீரை யார் ஊற்றினாலும் ஒரு கப் ஒரே எடைதான் இருக்கும். மாவில் பாதிக்குப் பாதி காற்று. எவ்வளவு காற்றைக் கப்புக்குள் விடுகிறோம் என்பது அள்ளுகிற கையைப் பொறுத்தது. சலித்த மாவைப் பூப்போலக் கொட்டினால் ஒரு எடை. டப்பாவில் கரண்டியால் கிளறிவிட்டு, அந்தக் கரண்டியாலேயே கப்பில் போட்டு, கத்தி முதுகால் வழித்தால் இன்னொரு எடை. கப்பையே டப்பாவுக்குள் விட்டு மண் வெட்டுவது போல அள்ளினால் அது வேறு எடை. 120, 125 என்று போடுகிற அட்டவணைகள் கரண்டியால் நிரப்பி வழிக்கிறவர்களுடையவை. 142 என்று போடுகிறவர்கள் கப்பை விட்டு அள்ளி வழிக்கிறவர்கள். அவரவர் கைக்கு அவரவர் எண் சரி.

சனிக்கிழமைகளில் வீட்டில் ஆறேழு பேருக்கு பேக்கிங் சொல்லித் தருகிறேன். முதல் வகுப்பில் ஓவன் பக்கமே போக மாட்டோம். ஒரே பாக்கெட் மைதாவை ஒரு டப்பாவில் கொட்டி வைத்து, ஒரே கப்பைக் கையில் கொடுத்து, "ஒரு கப் அளந்து இந்தக் கிண்ணத்தில் போடுங்க" என்பேன். வேறு எதுவும் சொல்ல மாட்டேன். தராசில் வருவதை ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே எழுதி வைப்பேன். போன முறை குறைந்தது 118, அதிகம் 156. 118 வந்தவர் கேட்காமலே மாவைச் சலித்துவிட்டு ஸ்பூனால் நிரப்பினார். 156 வந்த அக்கா கப்பை அள்ளி, மேடையில் இரண்டு தட்டுத் தட்டி, இறங்கிய இடத்தில் இன்னும் கொஞ்சம் மாவு போட்டு, உள்ளங்கையால் வழித்தார். "அரிசி அளக்கிற மாதிரிதானே?" என்றார். ஒரே கப், ஒரே மாவு, 38 கிராம் வித்தியாசம். இரண்டு கப் மாவு கேட்கிற கேக்கில் அது 76 கிராம்.

அந்த அக்கா சொன்னதில் விஷயம் இருக்கிறது. படியில் அளந்து வாங்கிய காலத்தை எங்கள் அம்மிச்சி சொல்வார். குலுக்கி அளந்தால் வாங்குகிறவருக்கு லாபம், குலுக்காமல் அளந்தால் கடைக்காரருக்கு லாபம். தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பதில் சண்டையே வரும். உழக்கு, படி என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் ஊருக்கு ஊர் கொள்ளளவு மாறியது. இன்று கப்பை வைத்துக்கொண்டு நாம் முழிப்பதும் அதே கதைதான்.

அப்படியானால் இட்லிக்கு டம்ளரில் அளந்தே தலைமுறை தலைமுறையாக ஒழுங்காக வருகிறதே என்று கேட்பீர்கள். இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்பது விகிதம். பெரிய டம்ளரானாலும் சின்ன டம்ளரானாலும் அரிசியையும் உளுந்தையும் ஒரே டம்ளரில் அளந்துவிட்டால் கணக்கு முடிந்தது. தண்ணீரைக் கண் பார்த்து ஊற்றுகிறோம், கெட்டியாக இருந்தால் இன்னும் கொஞ்சம். கேக்கில் அந்தச் சலுகை கிடையாது. டம்ளர் சிறிதானால் முட்டை சிறிதாகாது. வெண்ணெய் பாக்கெட் அதன் எடையில்தான் வரும். டின்னின் அளவும் மாறாது. பாதிப் பொருள் கப்பிலும் மீதிப் பொருள் எண்ணிக்கையிலும் வரும்போது, உங்கள் கப் வேறாக இருந்தால் விகிதமே சாய்ந்துவிடுகிறது. ஓவனுக்குள் வைத்த பிறகு கை பார்த்துத் திருத்தவும் வழியில்லை.

அடுத்தது கப். உலகத்துக்கெல்லாம் ஒரே கப் இல்லை. அமெரிக்கக் கப் 236.6 மில்லி. அந்த நாட்டு உணவுப் பாக்கெட்டுகளின் சத்து விவர லேபிளில் அதை 240 என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானில் 200. பழைய பிரிட்டிஷ் குறிப்புகளில் கப் என்று வந்தால் அரை பைண்ட், 284 மில்லி. ரைஸ் குக்கரோடு வருகிற பிளாஸ்டிக் கப் 180 மில்லி, அதைக் கப் என்று நம்பி கேக் செய்தவர்களை எனக்குத் தெரியும். டேபிள்ஸ்பூனிலும் இந்தத் தொல்லை உண்டு. பெரும்பாலான நாடுகளில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் மட்டும் 20.

ஆகவே குறிப்பு எந்த ஊர்க்காரர் எழுதியது என்று முதலில் பாருங்கள். வெப்பம் பாரன்ஹீட்டில் இருக்கிறதா, வெண்ணெயை 'ஸ்டிக்' கணக்கில் சொல்கிறாரா, மைதாவை 'ஆல் பர்ப்பஸ் ஃப்ளவர்' என்கிறாரா? அமெரிக்கர். 'பிளெயின் ஃப்ளவர்', 'காஸ்டர் சுகர்' என்று வந்தால் பிரிட்டன் அல்லது ஆஸ்திரேலியா. பிரிட்டன்காரர்கள் பெரும்பாலும் கிராமிலேயே கொடுத்துவிடுவதால் பிரச்சினை இல்லை. இலங்கையில் பழைய கேக் குறிப்புகளிலும் மாவும் வெண்ணெயும் இறாத்தல் கணக்கில் வரும். ஓர் இறாத்தல் 454 கிராம் என்று போட்டால் வேலை முடிந்தது, ஏனென்றால் அது முதலிலேயே எடைதான்.

அமெரிக்கர்கள் ஏன் கப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் அந்தக் கப்பே ஒரு காலத்துச் சீர்திருத்தம்தான். அதற்கு முன் 'முட்டையளவு வெண்ணெய்' என்றெல்லாம் குறிப்பு எழுதினார்கள். பாஸ்டன் சமையல் பள்ளியின் ஃபேனி ஃபார்மர் 1896இல் வெளியிட்ட சமையல் நூலில், கப்பையும் ஸ்பூனையும் தலைதட்டித்தான் அளக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். முட்டையளவு வெண்ணெயோடு ஒப்பிட்டால் அது பெரிய முன்னேற்றம். மாவுக்குள் இருக்கும் காற்றை மட்டும் தலைதட்டி வெளியேற்ற முடியவில்லை.

இப்போது உங்கள் கப். டப்பாவில் 250 என்று எழுதியிருக்கிறது என்கிறீர்கள். எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். தராசில் காலிக் கப்பை வைத்து 'டேர்' பட்டனை அழுத்தி பூஜ்யமாக்குங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள், வழியக் கூடாது. வருகிற கிராம்தான் மில்லி. நம் ஊர் வெயிலில் தண்ணீர் ஒன்றிரண்டு கிராம் குறைவாகக் காட்டும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம். நான் முதன்முதலில் வாங்கிய பிளாஸ்டிக் செட்டில் 'ஒரு கப்' 232 வந்தது, அதே செட்டின் அரைக் கப் 125. இரண்டு அரைக் கப் ஒரு கப்பை விடப் பெரிது! அந்தச் செட் இப்போது கோலமாவு அள்ளிக்கொண்டிருக்கிறது.

சரி, உங்கள் குக்கி ஏன் அப்படி ஆயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். இந்த அளவுகள் எனக்குத் தெரிந்தவைதான். 1930களில் மாசசூசெட்ஸ் மாநிலத்து விட்மன் ஊரில் டோல் ஹவுஸ் என்ற விடுதி நடத்திய ரூத் வேக்ஃபீல்டின் குக்கி வழியாக வந்து, சாக்லேட் சிப்ஸ் பாக்கெட்டின் முதுகில் அச்சாகி உலகமெல்லாம் போன குறிப்பு. 2¼ கப் மைதா. கரண்டியால் நிரப்பும் கணக்கில் 120 கிராம் வீதம் 270 கிராம். கப்பை விட்டு அள்ளுகிறவர் கணக்கில் 142 வீதம் 320. நீங்கள் 250 மில்லி கப்பை விட்டு அள்ளியிருந்தால், 142ஐ 250க்கு ஏற்றினால் சுமார் 150, ஆக 2¼ கப்புக்கு 337 கிராம். குறைந்த கணக்கைவிட 67 கிராம் கூடுதல், அதாவது கால் பங்கு மாவு அதிகம்.

அங்கேயே நிற்கவில்லை. 'இரண்டு ஸ்டிக் வெண்ணெய்' என்பதற்கு இரண்டு 100 கிராம் பாக்கெட் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்க ஸ்டிக் என்பது கால் பவுண்டு, 113 கிராம். இரண்டு ஸ்டிக் 227. உங்களுக்கு 27 கிராம் குறைந்துவிட்டது. முட்டை? அமெரிக்கக் குறிப்பில் 'லார்ஜ்' முட்டை என்றால் ஓடு நீக்கி 50 கிராம். எங்கள் தெருக் கடை முட்டையை உடைத்து நிறுத்தால் 44, 45தான் பெரும்பாலும் வருகிறது. இரண்டு முட்டைக்குப் பத்து கிராம் போச்சு. மாவு ஏறியது, வெண்ணெய் இறங்கியது, முட்டை இறங்கியது. மூன்றும் ஒரே பக்கம் இழுத்தன. 227 கிராம் வெண்ணெய்க்கு 270 கிராம் மாவு என்றிருக்க வேண்டியது, 200க்கு 337 ஆகிவிட்டது. அந்த மாவு ஓவனில் பரவினால்தான் ஆச்சரியம். உங்கள் ஓவன் மேல் பழி போட்டிருந்தீர்கள், அது பாவம்.

இனி அளவுகள். அமெரிக்கக் கப்புக்கு நான் வைத்திருக்கும் எண்களைச் சொல்கிறேன், எவ்வளவு நம்பலாம் என்ற வரிசையில்.

கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடியவை திரவங்களும் வெண்ணெயும். தண்ணீர் 237, பால் 242 முதல் 245, சமையல் எண்ணெய் 218, தேன் 340 பக்கம், தயிர் 245, வெண்ணெய் 227. இவற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் கை மாறினாலும் எடை மாறாது. எண்ணெய் தண்ணீரைவிட லேசு, தேன் தண்ணீரைப் போல ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவு என்பதை மட்டும் மனசில் வைத்தால் போதும். 'ஒரு கப் 240 மில்லி, எனவே தேன் 240 கிராம்' என்று போட்டுவிட்டால் நூறு கிராம் தேன் காணாமல் போய்விடும்.

ஓரளவு நம்பக்கூடியது சர்க்கரை. 200 கிராம். மணல் மணலாக இருப்பதால் அள்ளினாலும் கொட்டினாலும் பெரிதாக மாறாது. பிரவுன் சுகரை அமெரிக்கர்கள் 'பேக்டு' என்று எழுதுவார்கள், கப்பில் அழுத்தி அடைக்க வேண்டும் என்று பொருள். அப்படி அடைத்தால் 213 முதல் 220. அடைக்காமல் அளந்தால் எவ்வளவோ குறையும். ரவை 165 பக்கம். சாக்லேட் சிப்ஸ் 170. இரண்டு கப் சிப்ஸ் என்று இந்தக் குறிப்பில் வருவது அவர்களுடைய 12 அவுன்ஸ் பாக்கெட், 340 கிராம்.

சந்தேகத்தோடு பார்க்க வேண்டியவை மாவு வகைகள். மைதா 120-125 அல்லது 142. கோதுமை மாவு 115 முதல் 125, ஆனால் மில்லில் அரைத்து அன்றே கொண்டுவந்த மாவு உப்பிக் கிடக்கும், டப்பாவில் பத்து நாள் அமுங்கிய மாவு வேறு. கார்ன்ஃப்ளவர் 120 பக்கம். ஐசிங் சுகர் 115 முதல் 120. பாதாம் மாவு 96. ஓட்ஸ் 85-90. எல்லாவற்றிலும் மோசம் கோகோ. 85 கிராம் என்று பெரும்பாலும் போடுவார்கள். கட்டி தட்டியிருந்தால் கப்புக்குள் ஓட்டை ஓட்டையாக உட்காரும், அமுக்கினால் நூறைத் தொடும். கோகோ பத்து கிராம் ஏறினால் கேக் கசந்து காய்ந்துவிடும். வேறு எதையும் நிறுக்காவிட்டாலும் மைதாவையும் கோகோவையும் மட்டும் நிறுங்கள் என்று வகுப்பில் சொல்வேன்.

குறிப்பு 250 மில்லி கப்பில் எழுதப்பட்டிருந்தால் இந்த எண்களை 1.06ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

மைதாவுக்கு 120ஆ 142ஆ என்று முடிவெடுக்க ஒரு வழி உண்டு. எழுதியவர் எங்கேயாவது எப்படி அளக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாரா பாருங்கள். சொல்லாவிட்டால் அவருடைய வேறு குறிப்புகளில் எதிலாவது கிராம் கொடுத்திருக்கிறாரா பாருங்கள், ஒன்றில் கொடுத்திருந்தாலும் அவர் கை தெரிந்துவிடும். எதுவுமே கிடைக்கவில்லையென்றால் நான் 120இல் தொடங்குவேன். அமெரிக்க மைதா பாக்கெட் லேபிள்களிலேயே 'கால் கப், 30 கிராம்' என்றுதான் போடுகிறார்கள், அதன்படி ஒரு கப் 120. குறைவாக வைத்துவிட்டுத் தேவைப்பட்டால் ஏற்றலாம். மாவு அதிகமாகிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

அவுன்ஸ் ஒரு தனிப் பொறி. அமெரிக்கர்களிடம் இரண்டு அவுன்ஸ் இருக்கிறது. எடை அவுன்ஸ் 28.35 கிராம், திரவ அவுன்ஸ் 29.57 மில்லி. ஒரு கப் எட்டுத் திரவ அவுன்ஸ். இதைப் படித்துவிட்டு 'எட்டு அவுன்ஸ் இன்டூ 28.35, ஆக ஒரு கப் மைதா 227 கிராம்' என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. கையில் அளவுக்கோப்பை இல்லாத ஒரு நாளில் நானும் அதைச் செய்திருக்கிறேன். வாழைப்பழக் கேக் என்று ஓவனில் வைத்தேன், வெளியே வந்தது செங்கல். அந்தக் கணக்கு வெண்ணெய்க்குப் பொருந்தும், தண்ணீருக்கு ஏறக்குறையப் பொருந்தும், மாவுக்குப் பொருந்தவே பொருந்தாது. குறிப்பில் பால், எண்ணெய் போன்றவற்றுக்கு அவுன்ஸ் வந்தால் திரவ அவுன்ஸ். மாவு, வெண்ணெய், சாக்லேட், சீஸ் என்றால் எடை அவுன்ஸ். கண்ணாடி ஜாடியின் பக்கத்தில் 'மாவு கிராம்', 'சர்க்கரை கிராம்' என்று கோடு போட்டு விற்கிறார்களே, அது எடையே அல்ல, ஒரு அட்டவணையைக் கண்ணாடியில் அச்சடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நம் வீடுகளில் அடிக்கடி நடக்கிற இன்னொரு தவறு சர்க்கரையைப் பொடிப்பதில். இங்கே கிடைக்கிற சர்க்கரை படிகம் பெரிது, வெண்ணெயோடு குழைக்கும்போது லேசில் கரையாது. அதனால் மிக்சியில் பொடித்துக்கொள்கிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் 'சர்க்கரை ஒரு கப்' என்ற இடத்தில் பொடித்த சர்க்கரையை ஒரு கப் அளந்து போட்டால் 120 கிராம்தான் உள்ளே போகும், 200 போக வேண்டிய இடத்தில். இனிப்பு குறைவது மட்டும் இல்லை, கேக்கின் ஈரமும் மென்மையும் போகும். 200 கிராம் சர்க்கரையை நிறுத்துப் பொடித்தால் கப்பில் அது ஒன்றே முக்கால் வந்தாலும் கவலை இல்லை. எடை எடைதான்.

சலிப்பதும் அப்படியே. 'ஒரு கப் சலித்த மைதா' என்றால் சலித்துவிட்டு அளக்க வேண்டும். 'ஒரு கப் மைதா, சலித்தது' என்றால் அளந்துவிட்டுச் சலிக்க வேண்டும். ஒரே ஒரு காற்புள்ளி, பத்துப் பதினைந்து கிராம் வித்தியாசம். கிராமில் வேலை செய்தால் இந்தக் காற்புள்ளி ஆராய்ச்சியே தேவையில்லை, எப்போது சலித்தாலும் ஒன்றுதான். முதலில் சலித்து அளக்கச் சொல்கிற குறிப்பை மாற்றும்போது மட்டும் 110-115 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உப்பில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்கக் குறிப்புகளில் 'கோஷர் சால்ட்' என்று வரும். பெரிய பெரிய செதிலாக இருக்கும் உப்பு. அதிலும் டைமண்ட் கிரிஸ்டல் என்ற பிராண்டில் ஒரு டீஸ்பூன் சுமார் 3 கிராம், மார்ட்டன் பிராண்டில் சுமார் 5, நம் தூள் உப்பு 6. எந்தப் பிராண்ட் என்று சொல்லாவிட்டால் நம் உப்பில் பாதியில் தொடங்குங்கள். கடை வெண்ணெயும் உப்புப் போட்டதாக இருந்தால் தனி உப்பை விட்டே விடலாம்.

எல்லாவற்றையும் நிறுக்க வேண்டும் என்ற வெறி வேண்டாம். பேக்கிங் சோடா ஒரு டீஸ்பூன் 5 கிராம் பக்கம், பேக்கிங் பவுடர் 4 முதல் 5, ஈஸ்ட் 3. ஒரு கிராம் வரைதான் காட்டும் சமையலறைத் தராசில் இவற்றை நிறுத்தால் ஸ்பூனைவிட மோசமாக வரும். 5 என்று காட்டுவது நாலரையாகவும் இருக்கலாம், ஐந்தரையாகவும் இருக்கலாம். அது மட்டுமல்ல, துளித் துளியாகப் போட்டால் சில தராசுகள் அசையவே அசையாது, நிலையாக நின்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு பழைய எண்ணிலேயே நிற்கும். ஒரு டேபிள்ஸ்பூனுக்குக் குறைவானவற்றை ஸ்பூனில் தலைதட்டி அளந்துகொள்ளுங்கள். ரொட்டி வியாபாரமாகச் செய்கிறவர்கள் 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு தனியாக வாங்கினால் போதும்.

தராசு சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. 5 கிலோ வரை தாங்கி, ஒரு கிராம் காட்டி, டேர் பட்டன் இருந்தால் சரி. பழகிவிட்டால் பாத்திரம் தேய்க்கிற வேலையே பாதியாகும். ஒரே கிண்ணத்தை வைத்து மாவைக் கொட்டி, பூஜ்யமாக்கி, சர்க்கரையைக் கொட்டி, மறுபடி பூஜ்யமாக்கி, கோகோவைக் கொட்டலாம். கொஞ்சம் அதிகம் விழுந்துவிட்டால் அடுத்தது கொட்டுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், கலந்துவிட்டால் எடுக்க முடியாது. தேனுக்கு இன்னும் நல்ல வழி உண்டு. பாட்டிலையே தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, அதிலிருந்து கிண்ணத்தில் ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். மைனஸ் 85 என்று காட்டினால் 85 கிராம் தேன் போயிருக்கிறது, அதாவது கால் கப். கப்பில் ஒட்டிய தேனை விரலால் வழிக்கிற வேலை இல்லை. குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதற்கு எதிர்ப்பு வரலாம்.

முட்டையையும் நிறுங்கள். இரண்டு முட்டை என்றால் 100 கிராம். உடைத்து அடித்து நிறுத்துப் பார்த்து 88 வந்தால் மூன்றாவது முட்டையை உடைத்து அடித்து அதிலிருந்து 12 கிராம் சேருங்கள். மீதி காலையில் ஆம்லெட்டுக்கு.

மாற்றி எழுதும்போது எண்களை முழுமையாக்கிவிடுங்கள். 177.5 கிராம் வெண்ணெய் என்று எழுதி வைப்பதில் அர்த்தம் இல்லை. ஐந்தின் மடங்குக்குக் கொண்டுவந்தால் எந்தக் கேக்கும் கெடாது. முதல் முறை செய்யும்போது பென்சிலில் எழுதுங்கள், சரியாக வந்த பிறகு பேனாவில். வந்த பிறகு அந்தத் தாளில் கப் கணக்கே இருக்க வேண்டாம், அடித்துவிடுங்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அவசரத்தில் ஒருநாள் கை பழையபடி கப்பை எடுக்கும்.

உங்கள் குக்கிக்கு நான் எழுதித் தருவது இது. மைதா 270, வெண்ணெய் 225, சர்க்கரை 150, பிரவுன் சுகர் 160, முட்டை அடித்து 100, சிப்ஸ் 340, சோடா ஒரு டீஸ்பூன், வெண்ணெயில் உப்பு இருந்தால் தனி உப்பு வேண்டாம். மாவைப் பிசைந்ததும் தட்டு நிறைய அடுக்கிவிடாதீர்கள். மீதியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, ஒரே ஒரு உருண்டையை 190 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். ஓரம் பொன்னிறமாகி நடு கொஞ்சம் மெத்தென்று இருந்தால் அப்படியே தொடருங்கள். அப்பளம் போலப் பரவி ஓடினால் குறிப்பு எழுதியவர் கப்பை விட்டு அள்ளுகிறவர் என்று பொருள். மீதி மாவில் 20 கிராம் மைதா சேர்த்து இன்னொரு உருண்டை வைத்துப் பாருங்கள், இன்னும் ஓடினால் மேலும் 20. எதில் நிற்கிறதோ அந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.